காற்று லிஃப்ட் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைத் திறந்திருந்தால், முதல் பகுதியை மட்டும் படியுங்கள். அவர் வெளியே வந்த பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் வீட்டு லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பவன். காற்றழுத்தத்தில் ஏறி இறங்கும் கண்ணாடிக் குழாய் லிஃப்டுக்காக எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல், முழங்கால் வலியோடு மாடியில் முடங்கிப்போன ஒரு பெரியவரைப் பற்றியதாக இருக்கும். "அம்மா காலையிலிருந்து கீழே வரவே இல்லை" என்றுதான் பேச்சு தொடங்கும். போய்ப் பார்த்தால் கதவு ரப்பரில் ஒரு கொத்துத் தலைமுடி சிக்கியிருக்கும். ஐந்து நிமிட வேலை. அதற்காக அந்த அம்மா ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தது எனக்கு உறுத்துகிறது. வீட்டில் இருப்பவர்களே செய்யக்கூடியதை அவர்களே செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எதில் கை வைக்கக் கூடாது என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே ஆள் இருக்கிறார், லிஃப்ட் நின்றுவிட்டது

முதலில் அவர் கண்ணில் படுகிற இடத்தில் போய் நில்லுங்கள். சுற்றிலும் ஒளி ஊடுருவும் லிஃப்ட் என்பதால் முகம் பார்த்துப் பேசலாம். அதுவே பாதி பயத்தைப் போக்கும். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "காற்றை உறிஞ்சி எடுக்கிற லிஃப்டாயிற்றே, மூச்சு முட்டாதா?" முட்டாது. காற்று குறைவது கேபினின் கூரைக்கு மேலேதான். ஆள் நிற்கும் பகுதி கீழ்ப்பக்கத்துக் காற்றோடு தொடர்பில் இருக்கிறது. நம் வீட்டுக் கூடத்தில் உள்ள அதே காற்று, அதே அழுத்தம். இதைச் சத்தமாக, நிதானமாக அவரிடம் சொல்லுங்கள்.

மின்சாரம் போயிருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். கரண்ட் நின்றதும் மேலே உள்ள வால்வு தானாகத் திறந்து, காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் வரும். கேபின் மெதுவாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிடும். கதவுப் பூட்டைத் திறக்கவும் உள்விளக்குக்கும் சிறிய பேட்டரி இருக்கிறது.

மின்சாரம் இருந்தும் நடுவில் நிற்கிறது என்றால், உள்ளே இருப்பவரைச் சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தானைப் பார்க்கச் சொல்லுங்கள். தோள்பையோ முழங்கையோ பட்டு அது உள்ளே போயிருக்கும். திருகினால் வெளியே வரும். பிறகு கீழ்த்தளப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். அப்போதும் அசையவில்லையா? மின்பலகையில் லிஃப்டுக்கென்று இருக்கும் எம்சிபி சுவிட்சை (மின்சாரம் மிகுந்தால் தானாக விழுவது) அணைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். மின்வெட்டில் நடப்பதுதான் இப்போதும் நடக்க வேண்டும்; கேபின் இறங்க வேண்டும்.

அப்படியும் இறங்கவில்லை என்றால் பாதுகாப்பு பிரேக் பிடித்திருக்கிறது என்று பொருள். இனி உங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. சர்வீஸ் ஆளை அழையுங்கள். உள்ளே இருப்பவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் 101-ஐ அழைத்துத் தீயணைப்பு மீட்புப் பணியாளர்களை வரவழையுங்கள். ஸ்க்ரூடிரைவரை விட்டுக் கதவை நெம்ப வேண்டாம். ஏன் கூடாது என்பதற்குக் கணக்கே இருக்கிறது, கீழே வருகிறது.

இது எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் பிழை தானாகத் தெரியும்

கயிறு இல்லை, எண்ணெய் பிஸ்டன் இல்லை, எதிர் எடை இல்லை. கேபினே ஒரு பிஸ்டன். அதன் கூரையைச் சுற்றி, காற்று கசியாமல் அடைக்கும் ஒரு சீல் ஓடுகிறது. குழாயின் உச்சியில் உள்ள பெட்டிக்குள் இருக்கும் டர்பைன்கள் கேபினுக்கு மேலே உள்ள காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும்போது, கீழே உள்ள வெளிக்காற்று கேபினைத் தூக்குகிறது. மேலே இழுப்பதாகத் தோன்றும், உண்மையில் கீழிருந்து தள்ளுகிறது. அர்ஜென்டினாவில் கார்லோஸ் ஆல்பெர்டோ சோர்ஸ் என்பவர் உருவாக்கிய அமைப்பு இது; பிறகு அமெரிக்காவின் மயாமி வழியாக உலகம் முழுக்கப் பரவியது.

இதற்கு எவ்வளவு உறிஞ்ச வேண்டும்? குழாயின் உள்விட்டம் 85 செ.மீ. என்று கொள்ளுங்கள். பரப்பு 0.57 சதுர மீட்டர். கேபினும் ஆட்களும் சேர்ந்து 300 கிலோ என்றால், மேலே வெளிக்காற்றைவிட 5 சதவீதம் அழுத்தம் குறைந்தால் போதும், கேபின் மிதந்துவிடும். வெறும் 5 சதவீதம்! அதனால்தான் ஒரு சிறு கசிவு இந்த லிஃப்டைப் படுக்க வைத்துவிடுகிறது. பெரிய வெற்றிடம் என்றால் சிறு கசிவைப் பொருட்படுத்தாது. இது நூலிழையில் வேலை செய்கிற சாதனம். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் என் முதல் கேள்வி, காற்று வரக்கூடாத வழியாக எங்கே வருகிறது என்பதுதான். மேல்பெட்டியில் உள்ள இயந்திரத்தைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகு.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கேபினுக்கு மேலே உள்ள கதவுகள் மட்டுமே காற்று குறைந்த பகுதியில் இருக்கின்றன. கேபினுக்குக் கீழே உள்ள கதவில் எவ்வளவு கசிந்தாலும் ஏறுவதற்குத் தடை இல்லை. அங்கே காற்று வரத்தான் வேண்டும். பிழை எந்த மாடியில் இருக்கிறது என்பதை இந்த ஒரே விஷயத்தை வைத்து, கருவி எதுவும் இல்லாமல் சொல்லிவிடலாம்.

லிஃப்ட் நன்றாக ஓடும் நாளில் செய்துவைக்க வேண்டிய ஒரு வேலை: ஒரே ஆள் ஏறி, ஒவ்வொரு மாடிக்கும் எத்தனை வினாடி என்று கைப்பேசியில் நேரம் பார்த்து, எம்சிபி பெட்டியின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். இவ்வகை லிஃப்டின் வேகம் வினாடிக்குச் சுமார் 15 செ.மீ. 3.3 மீட்டர் உயர மாடிக்கு 22 வினாடி. உங்கள் வீட்டு எண் கொஞ்சம் மாறலாம். அந்த எண் கையில் இருந்தால் "ஏதோ மெதுவாகப் போகிற மாதிரி இருக்கிறது" என்ற பேச்சுக்கே இடமில்லை.

பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை

எல்லா மாடிக் கதவுகளையும் போய்த் தொட்டுப் பாருங்கள். ஒரு கதவு முழுதாகச் சாத்தாமல் இருந்தாலும் லிஃப்ட் கிளம்பாது, கிளம்பவும் கூடாது. மொட்டை மாடிக் கதவுதான் வழக்கமான குற்றவாளி. துணி காயப்போடப் போனவர்கள் வாளியோடு இறங்கும் அவசரத்தில் அரைகுறையாகச் சாத்திவிட்டு வந்திருப்பார்கள்.

கதவுகள் சரி என்றால் எம்சிபி, அவசர நிறுத்தப் பொத்தான், சாவி போடும் மாடலாக இருந்தால் சாவி. எம்சிபி விழுந்திருந்தால் ஒரே ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது முறை ஏற்றிப் பார்ப்பது மோட்டாரை எரிக்கும்.

கதவு நன்றாகச் சாத்தியிருந்தும் லிஃப்ட் அதைத் திறந்திருப்பதாகவே நினைக்கிறது என்றால், கதவின் மேல்விளிம்பில் உள்ள சென்சாரையும் அதற்கு எதிரே உள்ள காந்தத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மழைக்காலத்தில் சிற்றெறும்புகள் இந்தச் சந்துக்குள் மண் கொண்டுவந்து கூடு கட்டும். இரண்டு மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். மருந்து அடிக்காதீர்கள், அந்த ஈரம் சென்சாரைக் கெடுக்கும். மென்மையான பிரஷ் போதும்.

மோட்டார் சத்தம் வருகிறது, கேபின் நகரவில்லை. அல்லது ரொம்ப மெதுவாக ஏறுகிறது

அழைப்புகளில் முக்கால்வாசி இதுதான். பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எடை. இந்த லிஃப்டில் பரவலாக உள்ள மூன்று அளவுகள்: 750 மி.மீ. வெளிவிட்டம் உள்ளது ஒருவருக்கு, 159 கிலோ வரை, 933 மி.மீ. இருவருக்கு, 205 கிலோ வரை; 1,316 மி.மீ. மூவருக்கோ சக்கர நாற்காலிக்கோ, 238 கிலோ வரை. நன்றாகப் பாருங்கள், பெரிய லிஃப்டுக்கும் நடு லிஃப்டுக்கும் எடையில் 33 கிலோதான் வித்தியாசம். இடம் தாராளமாக இருக்கிறதே என்று மூன்று பேரும் ஒரு அரிசி மூட்டையும் ஏறினால் அது தூக்காது. பழுது இல்லை அது. மூட்டையை இறக்கிவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

எடை சரி என்றால் கேபினைக் கீழ்த்தளத்தில் வைத்து, ஆள் இல்லாமல் மேலே அனுப்புங்கள். ஒவ்வொரு மாடிக்கும் ஆகும் வினாடியை எழுதுங்கள். உங்கள் வீட்டில் தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி என்று மூன்று நிறுத்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

தரையிலிருந்து முதல் மாடி வரை மெதுவு, அதற்கு மேல் சரியான வேகம் என்றால் கசிவது முதல் மாடிக் கதவு. கேபின் அந்தக் கதவைத் தாண்டும்வரை அது காற்று குறைந்த பகுதியில் இருக்கிறது. தாண்டிய பிறகு அதன் கசிவால் நஷ்டம் இல்லை. தரையிலிருந்து உச்சிவரை ஒரே சீராக மெதுவு என்றால் இரண்டாம் மாடிக் கதவு, கேபின் சீல், மேல்பெட்டி வால்வு, டர்பைன் ஆகிய நான்கில் ஒன்று, அல்லது மின்னழுத்தக் குறைவு. தரைத்தளக் கதவைப் பற்றிக் கவலை வேண்டாம். தரைத்தளக் கதவின் ரப்பர் கிழிந்திருப்பதைப் பார்த்து, அதுதான் காரணம் என்று மாற்றிவிட்டு, லிஃப்ட் அப்போதும் ஏறவில்லையே என்று திகைத்த வீடுகள் உண்டு.

அடுத்து இவற்றைப் பிரித்தறிய, இறங்கும் நேரத்தையும் பாருங்கள். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பல வீடுகளின் எண்களை நோட்டில் எழுதி எழுதிப் புரிந்துகொண்டது. கதவோ சீலோ கசிந்தால் ஏறுவது மெதுவாகும், இறங்குவது வழக்கத்தைவிட வேகமாகும். மேலே வரக்கூடாத காற்று வந்துகொண்டே இருக்கிறதல்லவா? ஏறுவது மட்டும் மெதுவாகி, இறங்குவது எப்போதும் போல இருந்தால் இழுவை குறைந்திருக்கிறது: மின்னழுத்தம் அல்லது டர்பைன். ஏறுவது சரியாக இருந்து, இறங்குவது மட்டும் மெதுவானால் வால்வின் காற்று வடிகட்டியில் தூசி. இரண்டுமே மெதுவானால் கேபின் எங்கோ உரசுகிறது.

கதவு என்று தெரிந்துவிட்டதா? ஒரு ரூபாய் நோட்டு அகலத்தில் தாள் கீற்று வெட்டிக்கொள்ளுங்கள். கதவின் ரப்பருக்கும் சட்டத்துக்கும் இடையில் வைத்துச் சாத்தி, வெளியே இழுங்கள். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது. வெண்ணெயில் கத்தி போல வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் படியவில்லை. பிடிப்பக்கம், கீல் பக்கம், மேலே, கீழே என்று ஒரு சாண் இடைவெளியில் சுற்றி வாருங்கள். மூலைகளில் இரண்டு முறை பாருங்கள். கீழ் மூலையில்தான் அழுக்கு சேரும்: தலைமுடி, வாசலிலிருந்து காலோடு வந்த கோலமாவு, அடுப்படிப் பிசுக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டு, பழைய பருத்தி வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். பிறகு உலர்ந்த துணி. பல வீடுகளில் பிழை இத்துடன் முடிந்துவிடும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் மெத்தென்று ஆகும் என்று யாராவது சொல்லுவார்கள். கேட்காதீர்கள். எண்ணெய் பட்ட ரப்பர் சில வகைகளில் ஊதிப்போகும், எல்லா வகையிலும் தூசியை ஒட்டவைக்கும்.

துடைத்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு சோதனை. ஒருவர் கீழே நின்று மேல் மாடிக்கு அனுப்பும் அதே நேரத்தில், மற்றவர் சந்தேகப்படும் மாடியில் நின்று, மூடிய கதவை வெளியிலிருந்து உள்ளங்கையால் லேசாக அழுத்தட்டும். கேபின் சட்டென்று கிளம்பினால், ரப்பர் நன்றாகவே இருக்கிறது, கீல் தொங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். இந்தக் கதவுகளின் குணமே இதுதான். முதல் ஒட்டுதல் கிடைத்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு வெளிக்காற்றே கதவைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிவிடும். 60 செ.மீ. அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கதவின் மேல், அந்த 5 சதவீத வித்தியாசம் 600 கிலோவுக்கு மேற்பட்ட விசையாக உட்காரும். நெம்ப வேண்டாம் என்று முதலில் சொன்னது இதனால்தான். பிரேக் பிடித்து நின்ற கேபினுக்கு மேலே வெற்றிடம் மிச்சம் இருந்தால், அந்தக் கதவை ஆறு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. வந்துவிட்டால் காற்று ஒரே மூச்சில் உள்ளே பாயும். கீலைச் சரிசெய்வது சர்வீஸ் ஆளின் வேலை. ஒரு திருகு அளவுக்கு மீறினால் அடுத்த பக்கம் திறந்துகொள்ளும்.

கதவுகள் எல்லாம் தேறிவிட்டன, ஆனாலும் மெதுவு என்றால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் இழுக்கிறது, காலையில் நன்றாக ஓடுகிறது என்றால் வேறு எதையும் தேடவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் தெரு முழுக்க ஏசி ஓடும் நேரம் அது. மின்பணியாளரை அழைத்து, லிஃப்ட் ஏறிக்கொண்டிருக்கும்போது லிஃப்ட் பலகையிலேயே வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது அளந்தால் 225 காட்டும். ஏறும்போது 190-க்கு விழும். மோட்டாருக்குக் கிடைக்கும் திறன் கிட்டத்தட்ட வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 என்றால் மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் மிஞ்சும். மெல்லிய ஒயரில் ஏசியோடு சேர்த்து இணைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். லிஃப்டுக்கு மீட்டர் பலகையிலிருந்து தனி ஒயர் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் இதை இணைக்க முயலாதீர்கள், டர்பைன்கள் கிளம்பும் நொடியிலேயே அது படுத்துவிடும்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். தூக்க வேண்டிய எடை அதேதான், ஆனால் மெல்லிய காற்றில் டர்பைனின் இழுவை குறைவு. சென்னையில் பொறுத்துக்கொள்ளும் கசிவை அங்கே அதே லிஃப்ட் பொறுத்துக்கொள்ளாது. கதவு ரப்பரை மாதம் ஒருமுறை தாள் வைத்துச் சோதியுங்கள்.

கடைசியாக, குழாயின் அடிப்பகுதி. ஒரு மாடி ஏறும்போது சுமார் 1,900 லிட்டர் காற்று கீழிருந்து உள்ளே வர வேண்டும். அந்தத் திறப்புகளை ஒட்டி ஷூ ஸ்டாண்டும் பழைய செய்தித்தாள் கட்டும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நகர்த்திவிடுங்கள்.

விசில் சத்தம்

விசில் அடித்தால் சந்தோஷப்படுங்கள். கசிவு தானே முகவரி சொல்கிறது. ஒரு நூலையோ மெல்லிய பூஜைப் பஞ்சுத் திரியையோ கையில் பிடித்து, சத்தம் வரும் கதவு விளிம்பில் நகர்த்துங்கள். உள்ளே இழுக்கப்படும் இடம்தான் ஓட்டை. ஊதுபத்திப் புகையும் வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக் அருகே நெருப்பு எதற்கு?

மதியம் மட்டும் விசில் வந்து, மாலையில் தானாக நிற்கிறதா? மேற்கு வெயில் படும் இடத்தில் குழாய் இருக்க வேண்டும். கண்ணாடி லிஃப்ட் என்று நாம் சொன்னாலும் பெரும்பாலான வீடுகளில் இருப்பது வளைந்த பாலிகார்பனேட் தகடுதான். சூட்டில் அது அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு நீள்கிறது. ஒரு மீட்டர் தகடு 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.3 மி.மீ. நீளும், பக்கத்தில் பிடித்திருக்கும் அலுமினியச் சட்டம் அரை மி.மீ. கூட நீளாது. அந்த இடைவெளியில்தான் சீல் பிதுங்குகிறது. 'டிக், டிக்' என்று தகடு முனகுவதும் இதனால்தான். சீலை மாற்றுவதைவிட ஜன்னலுக்கு ஒரு மூங்கில் தட்டி வாங்கிப் போடுவது மேல். உள்ளே நிற்பவருக்கும் புழுக்கம் குறையும்.

ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் ஒரு குலுக்கல்

கேபின் சீல் ஒரு கதவின் விளிம்பைக் கடக்கும்போது தட்டுகிறது. கதவு, குழாயின் வளைவோடு ஒரே சீராக இல்லை. இதை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் விளிம்பு சீலை அறுத்துவிடும், பிறகு செலவு பல மடங்கு. வேகம் குறையாவிட்டாலும் உடனே சொல்லி அனுப்புங்கள். கடற்கரை ஓரத்து வீடுகளில் கீல் திருகுகளில் உப்புக்காற்று ஏறி இப்படி ஆவது அதிகம்.

மாடிக்கு வந்துவிட்டது, கதவு திறக்கவில்லை

கேபின் மாடிக்கு வந்ததும் தளத்தைவிடச் சற்று மேலே போய், கேபினைத் தாங்கும் தளப்பூட்டுகள் நீண்டு, அவற்றின் மேல் 'டொக்' என்று உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகுதான் டர்பைன் நிற்கும், கதவு விடுபடும். அந்த 'டொக்' கேட்கவில்லை என்றால், மறுபடி அதே மாடியின் பொத்தானை அழுத்துங்கள். மேலே எழும்பத் தேவையான கடைசி இரண்டு விரல்கடை உயரம் கிடைக்காமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தால், அது பூட்டின் பிழை இல்லை, மேலே சொன்ன இழுவைக் குறைவுதான். எடையைக் குறைத்துப் பாருங்கள்.

உட்கார்ந்துவிட்டது, ஆனாலும் திறக்கவில்லை என்றால் பத்து வினாடி பொறுங்கள். மேலே மிச்சமிருக்கும் வெற்றிடம் வடிந்ததும் கதவு இளகும். அவசரப்பட்டுக் கைப்பிடியை முறுக்கியே உடைத்த வீடுகள் உண்டு.

கேபின் தளத்தைவிடக் கீழே, ஒரு பக்கம் சாய்ந்தாற்போல நின்றால் பூட்டு ஒன்று நீளவில்லை. யாரும் உள்ளே காலை வைக்க வேண்டாம். எம்சிபியை அணைத்து, எல்லா மாடிக் கதவிலும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு அழையுங்கள். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. பேரன் பிறந்தநாள், விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று சொன்னாலும் சரி.

இறங்கும்போது திடீரென வேகம், பிறகு ஒரு உதறலோடு நின்றது

பாதுகாப்பு பிரேக் தன் வேலையைச் செய்திருக்கிறது. கேபினுக்கு மேலும் கீழும் அழுத்தம் திடீரென்று சமமாகி, கேபின் விழப் பார்க்கும் நேரத்தில் பக்கவாட்டுத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிப்பதற்காகவே அது இருக்கிறது. விடுவித்துவிட்டால் ஓடுமே என்று விடுவிக்கக் கூடாது. அழுத்தம் ஏன் சமமானது என்று தெரியாமல் அந்த லிஃப்டில் யாரும் ஏறக்கூடாது. மேல்பெட்டி, வால்வு, பிரேக், தளப்பூட்டு இந்த நான்கும் பயிற்சி பெற்றவர்களுக்கானவை.

சத்தம் முன்பைவிட அதிகம், அல்லது கருகல் வாடை

இவை அமைதியான லிஃப்டுகள் இல்லை. ஏறும்போது மேல்பெட்டியின் அருகே 85 டெசிபெல் வரை போவது இயல்புதான். வாக்குவம் க்ளீனர் போட்டது போல இருக்கும். இறங்கும்போது மோட்டார் ஓடாததால் மெல்லிய 'ஸ்ஸ்' மட்டுமே. சத்தம் தொந்தரவாக இருந்தால் உறிஞ்சும் பகுதியை மட்டும் குழாய்வழி இணைத்து மொட்டை மாடிக்கோ வேறு அறைக்கோ மாற்றும் வசதி சில மாடல்களில் இருக்கிறது. நிறுவும்போதே கேட்டு வாங்கினால் செலவு குறைவு.

புதிதாகக் கரகரப்பு வந்தால் பெரும்பாலும் பல டர்பைன்களில் ஒன்று தேய்ந்திருக்கும். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாராக இருந்தால் பிரஷ் மாற்றினால் போதும். கருகல் வாடை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு வீட்டில் பரண் அழகாக இருக்க வேண்டும் என்று மேல்பெட்டியைச் சுற்றிப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். தள்ளிய சூடான காற்றையே டர்பைன் திரும்பத் திரும்ப உறிஞ்சி, ஆறு மாதத்தில் இரண்டு மோட்டார் போய்விட்டது. மேலே காற்று வெளியேற வழி இருக்கிறதா என்று ஏணி போட்டுப் பாருங்கள், பெட்டியைத் திறக்காமல்.

மின்வெட்டில் கேபின் இறங்கியது, ஆனால் விளக்கும் பூட்டும் வேலை செய்யவில்லை

பேட்டரி ஆயுள் முடிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உள்ளே ஆள் இல்லாமல் கேபினை முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே ஓடவிட்டு எம்சிபியை அணைத்துப் பாருங்கள். இறங்கி, விளக்கெரிந்து, கதவு திறந்தால் சரி. ஐந்து நிமிடச் சோதனை. வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்படியே உள்ளே இருக்கும் இன்டர்காம் எடுக்கிறதா என்றும் ஒரு முறை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.

குழாய் மங்கலாகிவிட்டது

பாலிகார்பனேட்டைக் கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவத்தால் துடைத்ததால் வந்த வினை. அம்மோனியா, தின்னர், பெட்ரோல் எதுவும் ஆகாது. தகட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுந்து, வெளிச்சம் படும்போது பனி படிந்தது போலத் தெரியும். மங்கல் ஏறிய தகட்டை மீட்க முடியாது. இனிமேலாவது முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை வழியவிட்டு, பிறகே சோப்புத் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் தூசியே உப்புத்தாளாகிக் கீறிவிடும். தண்ணீர் ஊற்றும்போது கதவு சென்சார் பக்கமும் அடியில் உள்ள ஒயர் பக்கமும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எம்சிபியை அணைத்துவிட்டே தொடங்குங்கள்.